இறகும் கல்லும் கம்பியும்: நியூ ஆர்லியன்ஸின் கே கார்னிவல், ஓர் அறிமுகம்

திரைக்குப் பின்னால் ஒருவர் வெகுநேரமாக நின்றுகொண்டிருக்கிறார். உட்கார முடியாது. தோளிலும் இடுப்பிலும் இறுக்கிக் கட்டிய வார்களிலிருந்து, முதுகுக்குப் பின்னால் ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கு ஒரு கம்பிச் சட்டம் எழும்பி நிற்கிறது. அதில் நூற்றுக்கணக்கில் தீக்கோழி இறகு, ஆயிரக்கணக்கில் கண்ணாடிக் கல். இரண்டு நண்பர்கள் ஆளுக்கொரு பக்கம் சட்டத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். தாகம் எடுத்தால் ஸ்ட்ரா போட்டுத்தான் தண்ணீர், உதட்டுச் சாயம் கலையக் கூடாதே. பெயரைச் சொன்னதும் திரை விலகும், இவர் வெளிச்சத்துக்குள் நடப்பார், அரங்கத்தை ஒரு சுற்று வருவார், சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்காகப் பல மாதங்கள், வேலை முடிந்து வந்த பிறகு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கல் ஒட்டியிருக்கிறார்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து கே கார்னிவல் இது. தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் தங்களுக்காகத் தாங்களே உண்டாக்கிக்கொண்ட திருவிழா. படங்களை எங்காவது பார்த்திருப்பீர்கள், ஏதோ ஃபேஷன் ஷோ போலிருக்கிறது என்று அடுத்த படத்துக்குப் போயிருப்பீர்கள். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு போலீஸ் ரெய்டு இருக்கிறது, ஒரு பதிவுச் சான்றிதழ் இருக்கிறது, ஒரு தலைமுறையையே வாரிக்கொண்டு போன நோய் இருக்கிறது, அத்தனைக்கும் நடுவில் விடாப்பிடியாக வளர்ந்த ஒரு கைத்தொழில் இருக்கிறது. புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்காக அடியிலிருந்து சொல்கிறேன்.

முதலில் கார்னிவல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தெரிந்திருக்கும், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. அது தொடங்குவது திருநீற்றுப் புதனன்று. அதற்கு முந்தைய செவ்வாய்தான் மார்டி க்ரா, பிரெஞ்சு மொழியில் 'கொழுத்த செவ்வாய்'. நோன்பு வருவதற்கு முன் வயிறார, மனதார அனுபவித்துக்கொள்ளும் நாள். நியூ ஆர்லியன்ஸ் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஊர் என்பதால் அந்தப் பழக்கம் அங்கேயே தங்கிவிட்டது. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று பருவம் ஆரம்பித்து, மார்டி க்ரா நள்ளிரவோடு சட்டென்று முடியும். நடுவில் இருக்கும் வாரங்களில் ஊரே ஊர்வலமும் விருந்துமாக இருக்கும்.

இதையெல்லாம் நடத்துவது அரசாங்கம் இல்லை, தனியார் சங்கங்கள். அவற்றை 'க்ரூ' என்பார்கள். முதல் க்ரூ 1857-இல் வந்த கோமஸ். பிறகு 1872-இல் ரெக்ஸ் வந்தது. மார்டி க்ரா என்றாலே நினைவுக்கு வரும் ஊதா, பச்சை, தங்க நிறங்கள் ரெக்ஸ் கொடுத்தவை. ஒவ்வொரு க்ரூவுக்கும் கேப்டன் என்று ஒரு தலைவர். வருடா வருடம் ஒரு ராஜா, ஒரு ராணி. பகலிலோ இரவிலோ ஊர்வலம் போகும், அப்புறம் பூட்டிய அரங்கத்துக்குள் ஒரு நடன விருந்து. விருந்து என்றதும் நம்மூர் கல்யாண ரிசப்ஷன் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். அது பாதி நாடகம். திரை விலகும், புராணக் காட்சியோ சரித்திரக் காட்சியோ போல வேடமிட்டவர்கள் அசையாமல் நிற்பார்கள், அறிவிப்பாளர் விளக்குவார், ராணி நீண்ட அங்கியை இழுத்துக்கொண்டு நடந்து வருவார். ராணி பெரும்பாலும் வசதியான குடும்பத்துப் பெண், பெரியவர்கள் உலகத்துக்கு அவளை அறிமுகப்படுத்தும் சடங்கும் அதுவே. அழைப்பிதழ் இல்லாமல் உள்ளே போக முடியாது. யார் கைக்கு அழைப்பிதழ் வரும், யார் கைக்கு வராது என்பதை இனமும் பணமும் குடும்பப் பெயரும் முடிவு செய்தன.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. 1909-இல் கறுப்பின மக்களின் ஜூலு சங்கம் தெருவில் இறங்கியபோது, அதன் ராஜா வில்லியம் ஸ்டோரி பன்றிக் கொழுப்பு வந்த தகரடப்பாவைக் கிரீடமாக வைத்து, வாழைத் தண்டைச் செங்கோலாகப் பிடித்து நடந்தார். உங்கள் ராஜா மட்டும்தான் ராஜாவா என்று கேட்காமல் கேட்டது அது. கே கார்னிவலும் அதே வழியில் வந்ததுதான். பார்த்துப் பார்த்து ஏங்கிய ஒரு சடங்கைப் பகடி செய்யத் தொடங்கி, கடைசியில் மூலத்தைவிட அழகாகச் செய்து காட்டிய கதை.

1950களில் அந்த ஊரில் கே ஆணாக வாழ்வது எப்படி இருந்தது என்று தெரியாமல் இந்த உடைகளின் அருமை புரியாது. பிரெஞ்சு குவார்ட்டர் என்ற பழைய பகுதியில் அவர்கள் கூடும் மதுக்கடைகள் இருந்தன, போலீஸ் அடிக்கடி உள்ளே நுழையும். பிடிபட்டால் பெயர் பேப்பரில் வரும், பேப்பரில் வந்தால் வேலை போகும், சில பேருக்கு வீடும் போகும். 1958 செப்டம்பரில் மெக்சிகோவைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ ரியோஸ் என்ற சுற்றுலா வழிகாட்டியை மூன்று கல்லூரி மாணவர்கள் அடித்து, அவர் இறந்துபோனார். வழக்கு நடந்தது, ஜூரி மூவரையும் விடுதலை செய்தது. ஊரின் மனநிலை அது.

வருடத்தில் ஒரே ஒரு நாள் விதிவிலக்கு, மார்டி க்ரா. அன்றைக்கு ஊரே முகமூடி போட்டிருக்கும், ஆண் பெண் உடையில் தெருவில் நடந்தாலும் போலீஸ் கண்டுகொள்ளாது. மற்ற நாளில் கைது செய்யக் காரணமாகும் அதே உடை அன்று கைதட்டல் வாங்கும். அந்த ஒரு நாளை ஓர் இரவாவது நீட்டிக்க வேண்டும் என்ற ஆசையில் பிறந்ததுதான் கே க்ரூ என்று நான் நினைக்கிறேன்.

அதே 1958-இல், கார்னிவல் பருவத்தில், நண்பர்கள் சிலர் ஒருவர் வீட்டில் கூடிப் பணக்காரர்களின் நடன விருந்தை அப்படியே நடித்துப் பார்த்தார்கள். ஒருவர் ராணி, மற்றவர்கள் தோழிப் பெண்கள், எல்லாரும் ஆண்கள். யூகா என்று தங்கள் க்ரூவுக்குப் பெயர் வைத்தார்கள். வெறும் வேடிக்கைதான். ஆனால் வருடா வருடம் ஆள் சேர்ந்துகொண்டே போனது, வீடு போதவில்லை, நகருக்கு வெளியே மெட்டரி என்ற புறநகரில் ராம்ப்ளர் ரூம் என்ற கூடத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். பகலில் சின்னப் பிள்ளைகள் வந்துபோகும் இடம் அது.

1962 கார்னிவல் பருவத்தில் அங்கே யூகாவின் ஐந்தாவது விருந்து நடந்துகொண்டிருந்தபோது போலீஸ் உள்ளே நுழைந்தது. 96 பேர் கைதானார்கள். கிடைத்த வழியில் வெளியே ஓடியவர்கள் இருட்டில் மரங்களுக்கு நடுவே பதுங்கினார்கள். டார்ச் வெளிச்சம் பட்டதும் உடையில் இருந்த ஜிகினா பளிச்சென்று காட்டிக்கொடுத்தது என்று அன்று அங்கே இருந்தவர்கள் பிறகு சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு காட்சியை என்னால் மறக்கவே முடிவதில்லை. பார்க்கப்பட வேண்டும் என்று ஆசை ஆசையாக ஒட்டிய பளபளப்பு, பார்க்கப்படக் கூடாத நேரத்தில் மின்னுகிறது. கைதானவர்களின் பெயர்கள் பத்திரிகையில் வெளியாயின. பூர்பன் தெருவில் மதுக்கடை நடத்திவந்த மிஸ் டிக்ஸி என்ற பெண்மணி, கல்லாவில் இருந்த பணத்தை எடுத்துக்கொடுத்துப் பையன்களை ஜாமீனில் எடுக்கச் சொன்னார் என்று அந்தத் தலைமுறை இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறது. யூகா அத்தோடு முடிந்தது.

ஆனால் யூகாவில் இருந்து பிரிந்த சிலர் அதற்குள் இன்னொன்றைத் தொடங்கியிருந்தார்கள். 1961-இல் உருவான அந்த க்ரூவின் பெயர் பெட்ரோனியஸ். நீரோ மன்னனின் அவையில் எது அழகு, எது நயம் என்று தீர்ப்புச் சொல்பவராக இருந்த ரோமானியரின் பெயர். பழைய க்ரூக்கள் புராணங்களிலிருந்து பெயர் எடுப்பதைப் போல, இவர்கள் பழைய ரோமாபுரிச் சரித்திரத்திலிருந்து எடுத்தார்கள். இன்னொன்றும் செய்தார்கள், எல்லாவற்றையும் மாற்றியது அதுதான்: மாநில அரசிடம் முறைப்படி கார்னிவல் சங்கமாகப் பதிவு செய்துகொண்டார்கள். அப்படி அரசு அங்கீகாரம் பெற்ற முதல் கே க்ரூ இது. ஒரு காகிதம்தானே என்று தோன்றலாம். அந்தக் காகிதம் கையில் இருந்தால் பொது அரங்கத்தைச் சட்டப்படி வாடகைக்கு எடுக்கலாம், வேடமிட்டு விருந்து நடத்தலாம், வாசலில் பாதுகாப்புக்குப் போலீஸ்காரரையே நிறுத்தலாம். விருந்துக்குள் புகுந்து கைது செய்த போலீஸ் இப்போது வாசலில் காவல் நின்றது.

நியூயார்க்கில் ஸ்டோன்வால் என்ற மதுக்கடையில் போலீஸ் ரெய்டை எதிர்த்து வெடித்த கலவரத்தைத்தான் பொதுவாகக் கே உரிமைப் போராட்டத்தின் தொடக்கம் என்பார்கள். அது 1969. பெட்ரோனியஸ் தன் முதல் விருந்தை 1962-இலேயே நடத்திவிட்டது. கல்லெறியவில்லை, கோஷம் போடவில்லை, மனு எழுதிப் பதிவு செய்து அரங்கத்தைப் பிடித்து ராணிக்குக் கிரீடம் வைத்தார்கள். அதுவும் போராட்டம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் வரிசையாக வந்தன: அமுன்-ரா, கனிமீட், ஆர்மீனியஸ், ஒலிம்பஸ், இன்னும் பல. 1969 வாக்கில் தொடங்கிய அப்பல்லோ க்ரூ, லஃபாயெட், பேட்டன் ரூஜ் என்று லூசியானாவின் மற்ற ஊர்களுக்கும் கிளை விட்டது. 1980களின் தொடக்கத்தில் பெண்களுக்கென்று இஷ்தார் வந்தது, 1998-இல் கறுப்பின உறுப்பினர்கள் சேர்ந்து ம்விண்டோவைத் தொடங்கினார்கள். நகரை ஒட்டியிருக்கும் சால்மெட்டில் இருந்த செயின்ட் பெர்னார்ட் அரங்கம் பல வருடம் இவர்களின் கோட்டையாக இருந்தது. உள்ளே யார் வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? நண்பர்கள் மட்டுமில்லை, அம்மாக்கள் வந்தார்கள், பாட்டிகள் வந்தார்கள், ஊரின் பெரிய வீட்டுப் பெண்கள் அழைப்பிதழ் கிடைக்குமா என்று ஆள் வைத்துக் கேட்டார்கள்.

சரி, இப்போது உடைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கே கார்னிவல் என்றால் ஆண்கள் புடவையோ கவுனோ கட்டிக்கொள்வது என்று நினைத்தால் பாதிதான் சரி. ராணியாக வருபவர் பெண் வேடம் இடுவார், உண்மை. ஆனால் மேடைக்கு வரும் பல உடைகள் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, அவை ஒரு பொருளோ ஒரு கனவோ ஆகிவிடும். கேப்டன் அந்த வருடத்துத் தலைப்பைத் தீர்மானிப்பார், அது ரகசியமாகவே இருக்கும். தலைப்பு ரத்தினங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மரகதம், ஒருவர் மாணிக்கம், ஒருவர் இவை எல்லாம் கிடக்கும் சுரங்கம், இன்னொருவர் அவற்றைத் திருடவரும் கொள்ளைக்காரன். ஆளாளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, தலைப்பை எவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்று பார்ப்பார்கள்.

உடையின் மையம், முதுகில் சுமக்கும் பெரிய அமைப்பு. புரிய வேண்டுமானால் தைப்பூசத்துக்குப் பினாங்கிலோ பத்துமலையிலோ எடுக்கும் பெரிய காவடியை நினைத்துக்கொள்ளுங்கள். உலோகச் சட்டம் தோளிலும் இடுப்பிலும் உட்கார்ந்து, தலைக்கு மேல் விசிறி போல விரியும் அல்லவா, ஏறக்குறைய அதே கணக்கு. வித்தியாசம் என்னவென்றால் காவடியில் பாரம் ஆளைச் சுற்றி நிற்கும், இங்கே பெரும்பாலும் பின்னால் இருக்கும். அதனால் எந்நேரமும் பின்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். 25 கிலோ, 30 கிலோ, சில சமயம் அதற்கும் மேல். தோள் மட்டும் தாங்கினால் ஐந்து நிமிடத்தில் கை மரத்துப்போகும், எனவே உள்ளே இருக்கும் வார்கள் பாரத்தை இடுப்புக்கு இறக்க வேண்டும், மலையேறுபவர்களின் பை செய்கிற அதே வேலை. உடம்புக்கு அளவெடுத்து, அலுமினியக் குழாயையோ இரும்புக் கம்பியையோ வளைத்து, வெல்டிங் செய்து, சட்டம் உடம்பில் படும் இடங்களில் மெத்தை வைத்துத் தைப்பார்கள். இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் சட்டத்தின் அடியில் சின்ன வீல்களைப் பொருத்தி, அங்கிக்குள் மறைத்துவிடுவார்கள். அப்போது பாரத்தைத் தரை தாங்கும், ஆள் இழுத்துக்கொண்டு நடந்தால் போதும். ஆனால் திரும்பும்போது மொத்த அமைப்பும் கொஞ்சம் தாமதமாகத் திரும்பும், அந்தத் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு நடை பழக வேண்டும்.

வாசற்படியின் அகலம் என்று ஒன்று இருக்கிறது, அதை மறந்தால் தொலைந்தது. வீட்டில் செய்தது வண்டியில் ஏற வேண்டும், அரங்கத்தின் பின்வாசலில் நுழைய வேண்டும். அதனால் நல்ல கலைஞர்கள் சட்டத்தைத் துண்டு துண்டாகச் செய்து, போல்ட் போட்டு, அரங்கத்தில் வைத்துத்தான் பூட்டுவார்கள்.

அடுத்தது இறகு. தீக்கோழி இறகு ஒற்றையாக வைத்தால் தலை தொங்கிப்போகும், ஒல்லியாகவும் தெரியும். எனவே இரண்டு மூன்று இறகுகளின் தண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டி ஒரே இறகாக்குவார்கள், தண்டு நெடுக மெல்லிய கம்பியைச் சேர்த்துக் கட்டி விறைப்பாக்குவார்கள். நசுங்கிய இறகுக்கு ஆவி காட்டினால் மறுபடி பொசுபொசுவென்று எழுந்துவிடும். உயரம் வேண்டுமென்றால் அதற்கு மேல் ஃபெசன்ட் என்ற பறவையின் நீண்ட வால் இறகு. அது தீக்கோழி போல அலையாது, கோடு போட்டாற்போல நேராக நின்று நுனி மட்டும் நடுங்கும். எங்கே அலை வேண்டும், எங்கே கோடு வேண்டும் என்று தெரிந்து கலப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரு உடை மூச்சு விடுவது போலத் தோன்றினால், இறகு வைத்தவர் விஷயம் தெரிந்தவர் என்று அர்த்தம்.

கல் ஒட்டுவது தவம். அடி தட்டையான கண்ணாடிக் கல்லை, மெழுகு வைத்த குச்சி நுனியில் தொட்டு எடுத்து, ஒரு சொட்டுப் பசை வைத்த இடத்தில் இறக்கி, லேசாக அழுத்தி, அடுத்தது. பசை அதிகமானால் வழிந்து கல்லின் ஓரம் மங்கிவிடும், குறைந்தால் நடக்கும்போது உதிரும். ஒரு காலர் மட்டுமே ஆயிரக்கணக்கில் கல் விழுங்கும். கல்லைக் கண்டபடி கொட்டினாலும் மின்னாது. மேடை விளக்கு எங்கிருந்து விழும் என்று பார்த்து, பெரிய கல்லைச் சுற்றிச் சிறிய கல், நடுவில் கொஞ்சம் இருட்டு விட்டு வைக்க வேண்டும், இருட்டு இருந்தால்தான் ஒளி தெரியும். இப்போது பேட்டரியில் எரியும் எல்இடி விளக்குகளும் வந்துவிட்டன. சிலர் அதை அழகாகப் பயன்படுத்துகிறார்கள், என்றாலும் கல் தானாக வாங்கித் திருப்பும் ஒளிக்கு அது ஈடாகாது என்பது என் எண்ணம்.

இவை எல்லாம் தொழில்முறைக் கலைஞர்கள் மட்டும் செய்தவை இல்லை. முடி திருத்துபவர், பூக்கடைக்காரர், கடை ஜன்னல் அலங்கரிப்பவர், ஆபீசில் கணக்கெழுதுபவர் என்று பலதரப்பட்ட ஆட்கள், சொந்தச் சம்பளத்தில் பல ஆயிரம் டாலர் செலவழித்து, க்ரூவின் பட்டறையிலோ சொந்த வீட்டுக் கூடத்திலோ உட்கார்ந்து செய்தார்கள். ஒருவருக்கு வெல்டிங் தெரியும், ஒருவருக்குத் தையல், இன்னொருவருக்கு இறகு. புதிதாக வந்தவர் முதல் வருடம் கல் பிரித்துக் கொடுப்பார், இரண்டாம் வருடம் ஒட்டுவார், அப்படியே கை வழியாகக் கைக்குப் போன வித்தை.

விருந்து நடக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வருபவர்கள் ஆண்கள் டக்ஸீடோ, பெண்கள் தரை தொடும் கவுன் என்ற விதிக்குக் கட்டுப்பட வேண்டும். கேப்டன் முதலில் வருவார், பிறகு தலைப்புக்கேற்ற உடைகள் ஒவ்வொன்றாக. போன வருடத்து ராஜாவும் ராணியும் கடைசியாக ஒரு முறை நடந்து விடைபெறுவார்கள், அதற்குப் பிறகுதான் புது ராணி யாரென்று தெரியவரும். அந்த நொடிவரை அவர் பெயரை க்ரூவுக்கு வெளியே யாருக்கும் மூச்சு விடமாட்டார்கள். யோசித்துப் பாருங்கள், பெயர் வெளியே தெரிந்தால் வாழ்க்கையே போய்விடும் என்றிருந்த அதே ஊரில், பெயர் அறிவிக்கப்படுவதற்காக ஒரு மனிதர் ஏழெட்டு மாதம் காத்திருக்கிறார்.

அழைப்பிதழ் கிடைக்காதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 1960களின் தொடக்கத்தில், பூர்பன் தெருவில் க்ளோவர் க்ரில் என்ற சிறிய உணவுக்கடை நடத்திவந்த ஆர்தர் ஜேக்கப்ஸ், மார்டி க்ரா நாளில் தன் கடை வாசலில் உடைப்போட்டி ஒன்றைத் தொடங்கினார். பூர்பன் தெரு விருதுகள் என்று அது பெயர் பெற்றது. பின்னாளில் இடம் மாறி, செயின்ட் ஆன், பர்கண்டி தெருக்கள் சந்திக்கும் முனைக்கு வந்தது. விருந்தில் ஒரு இரவு மின்னிய உடைகள் பகல் வெயிலில் எல்லாரும் பார்க்க வெளியே வரும் இடம் அது. வெயிலும் காற்றும் கருணை காட்டாது, அரங்கத்துக்குள் அசையாமல் நின்ற சட்டத்தைத் தெருவில் ஒரு காற்று வீசினால் பாய்மரம் போல இழுத்துப்போகும், அதனால் தெருவுக்கென்று செய்பவர்கள் காற்று புகுந்து போக இடைவெளி விட்டுச் செய்வார்கள்.

1981-இல் எய்ட்ஸ் முதன்முதலாகப் பதிவானது. அதுவரை ஒரு டஜனுக்கு மேல் க்ரூக்கள் செழித்திருந்தன. அடுத்த பதினைந்து வருடங்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சின. செத்துப்போனது ஆட்கள் மட்டுமில்லை. எந்தக் கோணத்தில் கம்பியை வளைத்தால் இறகு விசிறி போல விரியும் என்று தெரிந்த கை போனது, பழைய விருந்துகளின் படங்களை வைத்திருந்த அலமாரி போனது. வெட்கப்பட்ட குடும்பங்கள் உடைகளைக் குப்பையில் போட்டன. மிஞ்சிய க்ரூக்கள் ஒவ்வொரு வருடமும் செத்தவர்களின் எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டே அடுத்த விருந்துக்கு உடை தைத்தன. அந்த வருடங்களில் விருந்தை நிறுத்தாமல் நடத்தியவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

பிறகு 2005 ஆகஸ்டில் கட்ரீனா புயல். நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது, சால்மெட் பகுதி கிட்டத்தட்ட முழுவதுமே போனது. நோய் விட்டுவைத்த உடைகளில் பலவற்றை வெள்ளம் கொண்டுபோனது. அதனால்தான் பழைய உடைகள் இவ்வளவு அரிதாகக் கிடைக்கின்றன. 2019-இல் லூசியானா மாநில அருங்காட்சியகம், ஜாக்சன் சதுக்கத்தில் இருக்கும் தன் பிரெஸ்பிட்டேர் கட்டடத்தில் கே கார்னிவலுக்கென்றே தனிக் கண்காட்சி வைத்தது. இதே மாநிலத்தில்தான் தன்பாலுறவைக் குற்றமாக்கும் சட்டம், 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாதென்று சொல்லும்வரை நடைமுறையில் இருந்தது.

வேறு ஊர்களிலும் இப்படி உண்டா என்று கேட்டால், உண்டு, அதில் பெரியது சிட்னி. பெயர் மார்டி க்ரா என்றாலும் தவக்காலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1978 ஜூன் 24 இரவு நடந்த ஊர்வலத்தில் 53 பேரைப் போலீஸ் பிடித்தது, அங்கேயும் பத்திரிகை அவர்களின் பெயர்களை அச்சிட்டது. 2016-இல்தான் அந்தப் பத்திரிகையும் மாநில நாடாளுமன்றமும் மன்னிப்புக் கேட்டன. 1980களில் பீட்டர் டல்லி என்ற நகைக் கலைஞர் அதன் கலை இயக்குநராக இருந்து, ஊர்வலத்துக்கென்று பட்டறை அமைத்து, பிளாஸ்டிக்கும் குப்பையில் கிடக்கும் பொருளும்கூட அலங்காரமாகலாம் என்று காட்டினார். அவரையும் எய்ட்ஸ் 1992-இல் கொண்டுபோனது. நியூ ஆர்லியன்ஸ் உடை அரங்கத்தின் விளக்குக்காகச் செய்யப்படுவது, சிட்னி உடை ஆக்ஸ்ஃபர்ட் தெருவின் நீளத்துக்கு நடக்கச் செய்யப்படுவது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

ஒரு விருந்து முடிந்த பிறகு உடைக்கு என்ன ஆகும்? பெரும்பாலும் அடுத்த வருடத்துக்குள் பிரித்துவிடுவார்கள். வைத்துக்கொள்ள வீட்டில் இடம் ஏது. இறகுகளுக்கு மறுபடி ஆவி காட்டி வேறு நிறத்தில் தோய்ப்பார்கள், சட்டத்தை வெட்டி வேறு வடிவத்தில் வளைப்பார்கள், கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து டப்பாவில் போட்டு வைப்பார்கள், யாருக்குத் தேவையோ அவருக்குப் போகும். ஒரே கல் நாலைந்து ராணிகளின் தோளில் இருந்திருக்கலாம்.

அடுத்த முறை இந்த உடைகளின் படம் கண்ணில் பட்டால் முகத்தையும் இறகையும் பார்த்த பிறகு கொஞ்சம் கீழே இறங்குங்கள். இடுப்பில் வார் எங்கே மறைந்திருக்கிறது, ஆள் எவ்வளவு முன்னால் சாய்ந்து நிற்கிறார், அங்கியின் ஓரத்தில் சின்ன வீல் ஏதாவது எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். சில படங்களில் ஓரத்தில், வெளிச்சம் படாத இடத்தில், கறுப்பு உடையில் ஒருவர் சட்டத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தெரியும்.